ஓசிடிக்கு மாத்திரையா, பயிற்சியா, இரண்டுமா? குமரி எல்லைப்பக்கக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஓசிடி (வேண்டாத எண்ணமும், அதை அடக்கச் செய்யும் செயலும் திரும்பத் திரும்ப வரும் மனநோய்) என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே வீட்டில் இரண்டு கேள்விகள் எழும். மாத்திரை இல்லாமல் சரியாகாதா? நாகர்கோவிலுக்குப் போவதா, திருவனந்தபுரத்துக்குப் போவதா? களியக்காவிளை, குழித்துறை, மார்த்தாண்டம், கொல்லங்கோடு பக்கம் இருப்பவர்களுக்கு இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே தூரம். இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்தவர்கள். அதனால் தேர்வு இன்னும் குழப்பமாகிறது.

இந்த நோயில் தேறாமல் போகிறவர்களில் பலர் தவறான வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் அல்ல, சரியான வழியில் பாதியில் நின்றவர்கள். 50 மில்லிகிராம் செர்ட்ராலினை ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு "மாத்திரை கேட்கவில்லை" என்பார்கள். நாலு தடவை 'கவுன்சிலிங்' போய்ப் பேசிவிட்டு "அதுவும் பார்த்தாச்சு" என்பார்கள். இரண்டுமே சிகிச்சை தொடங்கும் முன்பே கைவிட்ட கதைதான். ஆகவே எந்த வழி உயர்ந்தது என்பதைவிட, எந்த வழியை முழு அளவில், முழுக் காலம் உங்களால் நடத்த முடியும் என்று பார்ப்பதுதான் பயன் தரும்.

முதலில், இது ஓசிடிதானா

சுத்தமாக இருப்பது ஓசிடி ஆகாது. வேண்டாத எண்ணம் ஒன்று திரும்பத் திரும்ப வந்து நுழைகிறது. உடனே நெஞ்சுக்குள் வெப்ராளம், அதாவது பதற்றம். அதை அடக்க ஒரு செயல்: கழுவுதல், பூட்டை இழுத்துப் பார்த்தல், எண்ணுதல், மனத்துக்குள் ஜெபம், அம்மாவிடம் கேட்டல். செய்ததும் கொஞ்சம் ஆறுதல். அந்த ஆறுதல்தான் பொறி. "கழுவியதால்தான் தப்பித்தாய்" என்று மூளை கற்றுக்கொள்கிறது, அடுத்த தடவை இன்னும் பலமாகக் கேட்கிறது. இப்படி ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, படிப்பும் வேலையும் குடும்பமும் கெட்டாலோ அது நோய். நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை வாழ்நாளில் எப்போதாவது இதற்கு ஆளாகிறார்கள்.

கை கழுவுவது வெளியே தெரியும். தெரியாத வகைகள்தான் வருடக்கணக்கில் மறைந்து கிடக்கும். கைக்குழந்தையை வைத்திருக்கும் தாய்க்கு, கறிக்கத்தியைப் பார்த்ததும் "குத்திவிடுவேனோ" என்று வரும் எண்ணம். மாதா படத்தின் முன் நிற்கும்போது வரும் ஆபாசச் சொல். பாவசங்கீர்த்தனம் முடிந்து வெளியே வந்ததும் "ஒன்றை விட்டுவிட்டேன்" என்று திரும்ப ஓடுவது. தக்கலை, குளச்சல் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் இதற்கு வஸ்வாஸ் என்று பழைய பெயரே உண்டு: ஒளு (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுதல்) செய்துகொண்டே இருப்பார், தொழுகை நேரம் போய்விடும். இப்படி எண்ணம் வருவதாலேயே பதறுகிறவர் அதைச் செய்ய விரும்புகிறவர் அல்ல. அவர் உயிராய் மதிக்கிற ஒன்றைத்தான் நோய் பிடித்துக்கொள்கிறது. இதைப் பேயென்றும் செய்வினையென்றும் சொல்லி அலைக்கழிப்பது பெரிய கொடுமை.

கடுமையை அளக்க ஒய்-பாக்ஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. 1989-இல் வந்தது. 10 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4, மொத்தம் 40. 8 முதல் 15 வரை லேசானது, 16 முதல் 23 நடுத்தரம், 24 முதல் 31 கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. முதல் நாளே இந்த எண்ணைக் கேட்டு வாங்கி எழுதி வையுங்கள். எண் இல்லாவிட்டால் மூன்று மாதம் கழித்து "குறைந்திருக்கிறதா" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில் வரும்.

ஈ.ஆர்.பி. என்னும் பயிற்சி

பயப்படுவதை எதிர்கொள்வது, எதிர்கொண்டபின் வழக்கமான செயலைச் செய்யாமல் இருப்பது. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஈ.ஆர்.பி. லண்டனில் விக்டர் மேயர் 1966-இல் முதன்முதலாக இப்படிச் செய்து எழுதினார். இன்றுவரை ஓசிடிக்குப் பேச்சுவழிச் சிகிச்சைகளில் முதலிடம் இதற்குத்தான். சாதாரணமாக 12 முதல் 20 அமர்வுகள், ஒவ்வொன்றும் 60 முதல் 90 நிமிடம். வீட்டுப்பாடம் தினமும் ஒரு மணி நேரமாவது.

பேருந்தில் தொற்றும் அழுக்கை அஞ்சி நாளுக்கு மூன்று மணி நேரம் கழுவுகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். வெப்ராளத்துக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் போட்டு ஒரு படிக்கட்டு எழுத வேண்டும்:

20: வாசலில் கிடக்கும் செருப்பின் வாரை ஒரு விரலால் தொடுவது.
35: பேருந்துக் கம்பியைப் பிடித்த கையால் தன் செல்போனை எடுப்பது.
50: அதே கையால் வீட்டுக் கதவு, மேசை, தண்ணீர்ச் செம்பு.
65: அதே கையால் தன் தலையணை.
80: மார்த்தாண்டத்தில் இறங்கி, கை கழுவாமல் ஒரு பழம்பொரி வாங்கித் தின்பது.
95: பேருந்துக் கம்பியில் துடைத்த கைக்குட்டையை அலமாரித் துணி எல்லாவற்றின் மேலும் தடவுவது.

தொடக்கம் 35, 40 பக்கம் இருக்கட்டும். மிகச் சுலபமானதில் தொடங்கினால் மூளைக்குப் பாடம் ஏறாது. கம்பியைத் தொட்ட கையோடு உட்கார்ந்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணை எழுத வேண்டும். 70, 75, 75, 60, 50, 40 என்று போகலாம். சில நாள் இறங்கவே இறங்காது, அதனால் கெட்டுப்போவதில்லை. வெப்ராளம் இருக்கும்போதே இருந்து பழகினேன், பயந்தது நடக்கவில்லை என்பதுதான் கற்க வேண்டியது. ஒரே படியைப் பல நாள், பல இடத்தில் செய்த பிறகே அடுத்த படி. கழுவுவதற்குத் தனிச் சட்டம்: சாப்பாட்டுக்கு முன்னும் கழிப்பறைக்குப் பின்னும் ஒரு தடவை சோப்பு, 20 விநாடி, அவ்வளவே. குளித்து முடித்ததும் மீண்டும் அந்தக் கைக்குட்டையைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் குளியலே ஒட்டுமொத்தக் கழுவலாக மாறிவிடும்.

கேஸ் மூடியதா என்று பார்ப்பவர் ஒரே தடவை மூடிவிட்டு வெளியேற வேண்டும். அடுப்புக் குமிழைச் செல்போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது இப்போது பலரிடம் இருக்கிறது, அதுவும் சரிபார்த்தல்தான். கெட்ட எண்ணக்காரர் அந்த எண்ணத்தைத் தன் குரலிலேயே பதிவு செய்து தினம் அரை மணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்பார். கத்திக்கு அஞ்சும் தாய், குழந்தை பக்கத்தில் இருக்கையில் காய் நறுக்குவார்.

இது தோற்கும் இடங்கள் கண்ணுக்குத் தெரியாதவை. கம்பியைத் தொட்டபடியே மனத்துக்குள் ஜெபம் சொல்வது, எண்ணுவது, "ராத்திரி கழுவிக்கொள்ளலாம்" என்று கணக்கு வைப்பது, பயிற்சி கொடுப்பவரே "ஒன்றும் ஆகாது, நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுப்பது. எல்லாமே பின்கதவு வழியாக வந்த கழுவல்கள். கடுமையான மனச்சோர்வில் படுத்துக் கிடக்கிறவரால் இந்தப் பயிற்சியைத் தொடங்கவே முடியாது. தொடங்குகிறவர்களிலும் கணிசமானோர் பயத்தால் நடுவில் விலகுகிறார்கள்.

கிடைப்பதுதான் பெரிய சிக்கல். பலகையில் 'கவுன்சிலர்' என்று இருப்பவர் எல்லோருக்கும் இது தெரியாது. ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு உள்ள மருத்துவ உளவியலாளர்தானா என்று பாருங்கள். பிறகு நேராகக் கேளுங்கள்: ஈ.ஆர்.பி. செய்வீர்களா, படிக்கட்டு எழுதுவீர்களா, வீட்டுப்பாடம் உண்டா, எத்தனை அமர்வு? "மனசை வேறு பக்கம் திருப்புங்கள், அந்த எண்ணம் வரும்போது ரப்பர் பேண்டைச் சுண்டுங்கள்" என்று பதில் வந்தால் அது ஈ.ஆர்.பி. இல்லை.

மாத்திரை

முதல் வரிசையில் எஸ்.எஸ்.ஆர்.ஐ. என்ற வகை. மனச்சோர்வுக்கும் இதே மாத்திரைகள்தான், ஆனால் ஓசிடிக்குப் பெரும்பாலும் கூடுதல் அளவு வேண்டும், கூடுதல் காலமும் வேண்டும். இதைத் தெரியாததால்தான் பலருக்கு மாத்திரை 'கேட்காமல்' போகிறது. ஃபுளூயோக்ஸெடின் 20 மில்லிகிராமில் தொடங்கி 40 முதல் 60, சிலருக்கு 80 வரை. செர்ட்ராலின் 50-இல் தொடங்கி 150 முதல் 200. ஃபுளூவோக்ஸமின் இரவில் 50, மெல்ல 200 முதல் 300. எஸ்சிடாலோப்ராம் 10-இலிருந்து 20. இவற்றுக்குள் எது வலியது என்று தேடுவதில் பொருள் இல்லை, பலன் ஏறத்தாழ ஒன்றுதான். பக்கவிளைவு, வயது, கூட இருக்கும் நோய், ஏற்கெனவே சாப்பிடும் மருந்து, இவற்றைப் பார்த்து டாக்டர் தேர்ந்தெடுப்பார். அளவை நீங்களாகக் கூட்டவும் குறைக்கவும் கூடாது. இந்த எண்களை இங்கே தருவது, நாலு மாதமாகத் தொடக்க அளவிலேயே நிற்கிறீர்கள் என்றால் டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்பதற்காக.

காத்திருப்பு 8 முதல் 12 வாரம். அதில் கடைசி 4 முதல் 6 வாரமாவது தாங்கக்கூடிய உச்ச அளவில் இருக்க வேண்டும். சாப்பிடுகிறவர்களில் 40 முதல் 60 சதவீதம் பேருக்குத் தெளிவான பலன் தெரியும். அந்தப் பலனும் பெரும்பாலும் குறைவு, முழு மறைவு அல்ல. எண்ணம் வரும், ஆனால் கழுத்தைப் பிடிக்காது.

முதல் இரண்டு வாரம் குமட்டல், வயிறு இளக்கம், தூக்கம் கெடுதல், சிலருக்குப் படபடப்பு. பலன் வருமுன் இவை வந்து சேர்வதால் இங்கேதான் பலர் நிறுத்துகிறார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பது குமட்டலைக் குறைக்கும். தாம்பத்திய ஆர்வமும் உச்சமும் குறைவது நீடிக்கும் பக்கவிளைவு. வெட்கப்பட்டுச் சொல்லாமல் மாத்திரையை ரகசியமாக விட்டவர்கள் அநேகம். சொன்னால் மாற்று வழி உண்டு. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்கத்திலும் அளவு கூட்டும்போதும் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாத மிகை உற்சாகக் காலம் வந்திருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள்.

நன்றானபின் குறைந்தது ஒன்று முதல் இரண்டு வருடம் தொடர்வது, பிறகு ஒன்றிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை 10 முதல் 25 சதவீதம் என்று குறைப்பது வழக்கம். சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றல், தலைக்குள் கரண்ட் அடித்தாற்போல் உணர்வு. அது நோய் திரும்பியதென்று தவறாக எண்ணப்படும்.

எல்லைப்பக்கத்துக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. கேரளப் பக்கம் பாறசாலையில் ஒரு டாக்டர், மார்த்தாண்டத்தில் ஒருவர் என்று பார்ப்பார்கள். ஒரே மருந்து இரண்டு வேறு பெயரில் இரண்டு சீட்டிலும் இருக்கும், இரட்டை அளவு உள்ளே போகும். அட்டையில் கம்பெனி வைத்த பெயரைப் பார்க்காமல், கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். மூட்டுவலிக்குத் தரும் ட்ரமடால் இவற்றோடு சேர்ந்தால் ஆபத்தாகலாம், ஆஸ்பிரின் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம். ஃபுளூவோக்ஸமின் சாப்பிடுகிறவர் உடலில் காபி, தேயிலையின் காஃபின் நெடுநேரம் தங்கும். நாளுக்கு ஐந்து கட்டன் (பால் சேராத காபி, தேயிலை) குடிக்கிறவருக்கு நெஞ்சு படபடத்தால் நோய் முற்றியதென்று பதற வேண்டாம், கட்டனைக் குறைத்துப் பாருங்கள்.

இரண்டையும் தராசில் வைத்தால்

2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 122 பெரியவர்களை வைத்து இதை நேரடியாகப் பார்த்தது. பலன் பெற்றோர்: ஈ.ஆர்.பி. மட்டும் 62 சதவீதம், குளோமிப்ரமின் மாத்திரை மட்டும் 42, இரண்டும் சேர்ந்து 70, மருந்தே இல்லாத வெற்று மாத்திரை 8. பயிற்சி முன்னே நிற்கிறது, சேர்த்தால் கொஞ்சம் கூடுகிறது. ஆனால் அங்கே பயிற்சி கொடுத்தவர்கள் தேர்ந்த கைகள். அரைகுறைப் பயிற்சிக்கு இந்த எண் பொருந்தாது.

2013-இல் வந்த இன்னோர் ஆய்வு நம் கேள்விக்கு இன்னும் நெருக்கம். மாத்திரை சாப்பிட்டும் நோய் மிச்சம் இருந்த 100 பேர். அவர்களுக்கு ஈ.ஆர்.பி. சேர்த்தபோது 80 சதவீதம் பேருக்குப் பலன். ரிஸ்பெரிடோன் என்ற இரண்டாவது மாத்திரை சேர்த்தபோது 23, வெற்று மாத்திரைக்கு 15. மாத்திரை பாதி வேலைதான் செய்தது என்றால், அடுத்த மாத்திரைக்குப் போகுமுன் பயிற்சியைத் தேடுங்கள். இங்கே பெரும்பாலும் நடப்பது நேர்மாறு, சீட்டில் வரிகள் கூடிக்கொண்டே போகின்றன.

எங்கள் கணிப்பு இது. ஒய்-பாக்ஸ் எண் 15-க்குள் இருந்து, தெரிந்த கை கிடைத்தால், பயிற்சி மட்டும் போதும். 16 முதல் 23 என்றால் எது முழுமையாகக் கிடைக்குமோ அது. பயிற்சிக்கு வாரம் ஒரு முறை விடுப்பு எடுக்க முடியாத ரப்பர் வெட்டுத் தொழிலாளிக்கு மாத்திரையே நேர்மையான வழி, அதில் குறைவு ஏதும் இல்லை. 24-உம் அதற்கு மேலும் என்றால், அல்லது மனச்சோர்வு சேர்ந்திருந்தால் மாத்திரையைத் தொடங்கி, ஆறேழு வாரத்தில் கொஞ்சம் தளர்ந்ததும் பயிற்சியைச் சேருங்கள். மாத்திரையை நிறுத்தும் எண்ணம் இருப்பவர் நிறுத்துவதற்கு முன்பே பயிற்சியை முடித்திருப்பது நல்லது, ஏனென்றால் பயிற்சியில் கற்றது அட்டை தீர்ந்த பிறகும் கூடவே இருக்கும்.

குழந்தைகளுக்குத் தராசு இன்னும் பயிற்சிப் பக்கம் சாய்கிறது. 2004-இல் 112 பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வில் நோய் ஏறக்குறைய நீங்கியவர்கள் இரண்டும் சேர்ந்து 54 சதவீதம், பயிற்சி மட்டும் 39, செர்ட்ராலின் மட்டும் 21, வெற்று மாத்திரை 4. கர்ப்பம் தரித்தால் பயந்துபோய் மாத்திரையைத் தானாக நிறுத்தாதீர்கள், அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பராக்ஸெடின் என்ற எஸ்.எஸ்.ஆர்.ஐ. சாப்பிடுகிறவர் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே பேசிவிட வேண்டும்.

கடையில் கிடைக்கும் மற்ற வழிகள்

அல்பிரசோலம் போன்ற 'நரம்பு மாத்திரை' அரை மணி நேரத்தில் வெப்ராளத்தைத் தணிக்கும், அதனால் ஆசை வரும். ஓசிடியை அது குணப்படுத்தாது, பழக்கமாகும், ஈ.ஆர்.பி. செய்யும்போது எடுத்தால் கற்றலையும் மழுக்கும். எண்ணெய், தாரை, வர்ம வைத்தியம் உடலுக்கு இதம் தரலாம். ஓசிடியைக் குறைக்கும் என்று சொல்ல வலுவான சான்று இல்லை, அவற்றுக்காக மாத்திரையை நிறுத்துவது தவறு. கோவிலும் ஆலயமும் பள்ளிவாசலும் வேண்டும் என்பவர் தாராளமாகப் போகட்டும். ஆனால் பங்குச் சாமியாரிடமோ உஸ்தாதிடமோ போதகரிடமோ நோயைச் சொல்லி, ஒரு ஒளு, ஒரு பாவசங்கீர்த்தனம், திரும்பச் செய்யக் கூடாது என்று அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். அந்த ஒரு வரி பயிற்சிக்குப் பெரிய பலம்.

எந்தப் பக்கம் போவது

மாத்திரைக்கு மொழி பெரிய தடை அல்ல, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியின் மனநலப் பிரிவும் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியும் ஒன்றுதான். தொடர்ந்து வாங்க வேண்டிய மருந்து என்பதால், உள்ளூர் அரசு மருத்துவமனையில் எது இலவசமாகக் கிடைக்கும் என்று கேட்டு, டாக்டரிடம் அதைச் சொல்லித் தேர்ந்தெடுங்கள். பயிற்சிக்கு அப்படி இல்லை. மலையாளம் நன்றாகப் பேசுகிறவருக்கும் தீட்டு, சாபம், நேர்ச்சை என்ற பயங்கள் வீட்டுத் தமிழில்தான் ஓடும். குரலில் பதிவு செய்ய வேண்டிய வாக்கியம் அந்த மொழியில் இல்லாவிட்டால் குத்தாது, குத்தாவிட்டால் பயிற்சியும் இல்லை. எந்த ஊரானாலும் மனத்தில் ஓடும் மொழியிலேயே படிக்கட்டு எழுத ஒத்துக்கொள்கிறவரைப் பிடியுங்கள். நேரில் கிடைக்காவிட்டால் வீடியோ வழியாகவும் ஈ.ஆர்.பி. நன்றாக நடக்கும். நோய் இருக்கும் இடமே வீட்டுக் குழாயடி என்பதால் சில சமயம் அதுவே மேல்.

திருவனந்தபுரத்து மனநல மருத்துவமனை இருக்கும் ஊளம்பாறை என்ற பெயரைச் சொன்னாலே இந்தப் பக்கம் வசவாக எடுத்துக்கொள்கிறார்கள், அந்தப் பயத்தில் பல குடும்பங்கள் வருடங்களைத் தொலைக்கின்றன. ஓசிடிக்குப் பெரும்பாலும் படுக்கையில் சேர வேண்டியதே இல்லை, பொது மருத்துவமனை ஓ.பி. போதும். அதற்கும் தயக்கமென்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம், தமிழ் உண்டு. இரண்டு எஸ்.எஸ்.ஆர்.ஐ.களை முழு அளவில் முழுக் காலம் எடுத்து, பயிற்சியும் செய்து அசையாவிட்டால் குளோமிப்ரமின், கூடுதல் மருந்துகள், மூளைக்குக் காந்தத் தூண்டல் என்று படிகள் இருக்கின்றன. அந்தக் கட்டத்தில் பெங்களூர் நிம்ஹான்ஸின் ஓசிடி கிளினிக் போவது பணத்துக்குத் தகும். கன்னியாகுமரியிலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் நேரே போகிறது.

வீட்டார் கையில் இருப்பது

"கேஸ் அடச்சாச்சுல்லாம்மா?" "அடச்சாச்சு மக்களே." நாளுக்கு நாற்பது தடவை இந்தப் பேச்சு நடக்கும் வீட்டில், எந்த மாத்திரையும் எந்தப் பயிற்சியும் பாதிதான் வேலை செய்யும். அம்மாவின் பதிலும் ஒரு கழுவல்தான். ஆனால் ஒரே நாளில் வாயை மூடிக்கொள்வது சண்டையாக முடியும். நோயாளியும் வீட்டாரும் உட்கார்ந்து முன்கூட்டியே பேசி, இந்த வாரம் பத்துப் பதில், அடுத்த வாரம் ஆறு, அதற்கடுத்து மூன்று என்று ஒத்துக்கொள்ள வேண்டும். கோபத்தில் நிறுத்தக் கூடாது, இரக்கத்தில் கூட்டவும் கூடாது. கணக்குத் தீர்ந்தபின் கேள்வி வந்தால் அம்மா குரலை உயர்த்தாமல், "அதுக்க பதில நான் சொல்லப்பிடாதுன்னு நாம பேசுனதுதானே மக்களே. வா, பக்கத்துல இரி" என்று சொல்லி, வெப்ராளம் தணிகிறவரை கூடவே உட்கார்ந்திருக்கட்டும்.